பால்வாடியா, ப்ளே ஸ்கூலா, தெரபி சென்டரா? எங்க பாப்பாவுக்காக நாங்க ஏறி இறங்கின இடங்க

பாப்பாவுக்கு போன ஆடியோட மூணு வயசு முடிஞ்சுருச்சு, டவுன் சிண்ட்ரோம் குழந்தை. 21வது குரோமோசோம் ரெண்டுக்கு பதிலா மூணு இருக்கும், அதனால சதை தளர்வா இருக்கும், நடக்கறது பேசறது எல்லாம் லேட்டாகும், இந்தக் குழந்தைங்கள்ல பாதிப் பேருக்கு இதயத்துலயும் ஏதாவது கோளாறு இருக்கும், எங்க பாப்பாவுக்கும் சின்னதா ஒரு ஓட்டை இருந்து ரெண்டு வயசுக்குள்ள தானா மூடிக்கிச்சு. ரெண்டே கால் வயசுல நடந்தா. இப்ப பத்து பன்னெண்டு வார்த்தை சொல்லுவா, ஆனா நாம பேசறது முக்காவாசி அவளுக்குப் புரியும். புரியாதுன்னு நெனச்சுக்கிட்டு அவள வச்சுக்கிட்டே அவளப் பத்திப் பேசறவங்கதான் ஜாஸ்தி, அதுலதான் எனக்கு மனசு விட்டுப் போகும்.

நானும் வீட்டுக்காரரும் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைதான், நான் ஆபீஸ்ல கணக்கு பாக்கறேன், அவரு பிரிண்டிங் யூனிட்ல இருக்காரு. இது வரைக்கும் எங்கம்மாதான் பாப்பாவப் பாத்துக்கிட்டாங்க. அம்மாவுக்கு முட்டி வலி, பாப்பா ஓட ஆரம்பிச்சுட்டா, பின்னாடியே ஓட முடியல. அதுவுமில்லாம வீட்லயே இருந்தா மத்த குழந்தைங்களோட பழக்கமே இல்லாமப் போயிடும்னு ஃபிசியோ மேடமும் சொல்லிட்டே இருந்தாங்க. சரின்னு மூணு மாசமா இடம் தேடுனோம். இதே நெலமைல இருக்கறவங்களுக்கு ஒரு உதவியா இருக்கட்டும்னுதான் எல்லாத்தையும் எழுதறேன், டவுன் சிண்ட்ரோம்தான்னு இல்ல, பேச்சு லேட்டான குழந்தை, ஒரு எடத்துல உக்காராத குழந்தை, நம்ம பாஷையே தெரியாம வேற ஊர்ல இருந்து வந்த குழந்தை, யாரா இருந்தாலும் பாக்க வேண்டிய விஷயம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது.

முதல்ல வீட்லயே வச்சுக்கறது. செலவு இல்ல, பாசத்துக்குக் குறைவில்ல, சளி காய்ச்சல் கம்மி (இந்தக் குழந்தைங்களுக்கு சளி பிடிச்சா சீக்கிரம் காதுல இறங்கிடும், அது பேச்சையும் பாதிக்கும், அதனால இது சின்ன விஷயம் இல்ல). ஆனா அம்முச்சி பேத்திக்கு எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துடுவாங்க. தண்ணி வேணும்னு அவ திரும்பிப் பாக்கறதுக்குள்ள டம்ளர் வாய்க்கு வந்துடும். கேக்க வேண்டிய அவசியமே வரலைன்னா குழந்தை எப்படிங்க பேசும்? அம்மா மேல தப்பு இல்ல. அந்த வீட்ல அவ ஒருத்திதான குழந்தை.

அடுத்தது ப்ளே ஸ்கூல், மூணு இடம் போனோம். ஒண்ணுல இடம் இல்லன்னு போன்லயே சொல்லிட்டாங்க, பக்கத்து வீட்டு அக்கா மறுநாள் அவங்க பேரனுக்குக் கேட்டப்ப இடம் இருந்துச்சு. ரெண்டாவது இடத்துல ரொம்ப மரியாதையாதான் பேசுனாங்க, ஏசி ரூம், சுவர் பூரா படம், குட்டிக் குட்டி சேர். எங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க, மத்த பேரன்ட்ஸ் என்ன சொல்லுவாங்களோன்னுதான் யோசிக்கறோம்னாங்க. அப்புறம் சேக்கறதா இருந்தா ஷேடோ டீச்சர் நீங்களே போட்டுக்கணும்னாங்க, அதாவது பாப்பா கூடவே ஒரு ஆள் உக்காந்திருக்கணும், அவங்களுக்கு மாசம் பன்னெண்டாயிரம் நாங்க குடுக்கணும், ஃபீஸ் வருஷம் நாப்பத்தஞ்சாயிரம் தனி. மூணாவது இடம் நெஜமாவே நல்ல இடம், அந்த மேடம் பாப்பாவத் தூக்கி மடில வச்சுக்கிட்டே பேசுனாங்க, ஃபீஸும் முப்பதாயிரம்தான். ஆனா அங்க மூணு வயசுக் குழந்தைங்க வரிசையா உக்காந்து ஒர்க்‌ஷீட்ல கோட்டுக்குள்ள கலர் அடிச்சுக்கிட்டிருந்தாங்க, இங்கிலீஷ்ல மட்டும்தான் பேசணும்னு ரூல் வேற. எங்க பாப்பா க்ரேயானப் புடிக்கவே இன்னும் ஆறு மாசம் ஆகும், தமிழ்லயே பத்து வார்த்தைதான் இருக்கு, அதுக்குள்ள இன்னொரு பாஷை. மனசு நல்ல மனசுதான், ஆனா அந்த நாளோட ஓட்டம் அவளுக்கானது இல்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சு வச்சுக்கங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 16வது பிரிவு, அரசு நிதி வாங்கற இல்ல அரசு அங்கீகாரம் இருக்கற கல்வி நிறுவனம் எதுவா இருந்தாலும் பாகுபாடு காட்டாம சேக்கணும், குழந்தைக்குத் தேவையான வசதியும் செஞ்சு தரணும்னு இருக்கு. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் ப்ளே ஸ்கூலுக்குன்னு போட்ட வழிமுறைல 20 குழந்தைக்கு ஒரு டீச்சர், கூட ஒரு ஆயா இருக்கணும்னு இருக்கு. போற எடத்துல இத மட்டுமாவது கேளுங்க, எத்தன குழந்தை, எத்தன பேர் பாத்துக்கறாங்கன்னு. சட்டத்தச் சொல்லி மல்லுக்கு நின்னு சேக்கலாம்தான், ஆனா வேண்டா வெறுப்பா சேத்துக்கற எடத்துல மூணு வயசுப் புள்ளைய விட்டுட்டு வர எனக்கு மனசு வரல. சண்ட போடறவங்க போடணும், அவங்களாலதான் அடுத்து வர்றவங்களுக்குக் கதவு தெறக்கும், நான் அதத் தப்பே சொல்ல மாட்டேன்.

கம்பெனி க்ரெச் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். 2017ல வந்த மகப்பேறு சட்டத் திருத்தத்துல 50 பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யற இடத்துல க்ரெச் இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய் குழந்தையப் பாத்துட்டு வரலாம்னு கொண்டு வந்தாங்க. கைக்குழந்தைக்காரங்களுக்கு இது பெரிய விஷயம், நடுவுல போய் பால் குடுத்துட்டு வந்துடலாம். ஆனா எங்க பக்கம் நான் பாத்த க்ரெச்ல இருந்ததெல்லாம் ஒரு வயசு ஒன்றரை வயசுக் குழந்தைங்க, தொட்டில், ஒரு ஆயா, தூங்க வைக்கறது, அவ்வளவுதான். மூணு வயசுப் புள்ளைக்கு அங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்ல.

தெரபி சென்டருக்கு வர்றேன், இது கொஞ்சம் பெரிய கதை. மாவட்ட அரசு ஆஸ்பத்திரில டி.இ.ஐ.சின்னு ஒண்ணு வச்சிருக்காங்க, வளர்ச்சில பின்தங்கற குழந்தைங்களுக்கு சீக்கிரமே பயிற்சி குடுக்கற மையம், 2013ல ஆரம்பிச்ச தேசிய சிறார் நலத் திட்டத்துக்குக் கீழ வர்றது. பொறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும் பாத்துக்குவாங்க, ஃபிசியோ, பேச்சுப் பயிற்சி, காது டெஸ்ட், கண் டெஸ்ட் எல்லாம் காசில்லாம. இப்ப தமிழக அரசோட உரிமைகள் திட்டத்துல விழுதுகள்னு மையங்க தெறந்துருக்காங்க, அங்கயும் எல்லாத் தெரபியும் ஒரே கூரைல கிடைக்கும். பாப்பாவ எட்டாவது மாசத்துல இருந்து தெரபிக்குக் கூட்டிட்டுப் போறோம், அவ இன்னைக்கு நடக்கறான்னா அது அவங்க கைராசிதான். தெரபிய எப்பவும் விட மாட்டோம்.

ஆனா கேள்வி அது இல்லைங்க. நாள் பூரா அங்கயே, இல்ல ஸ்பெஷல் ஸ்கூல்லயே சேத்துடலாமாங்கறதுதான் கேள்வி. பெரிய மாமா அதத்தான் சொன்னாரு, அவங்கதான் விவரம் தெரிஞ்சவங்க, அங்க விட்டா யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்கன்னு. அதுல ஒரு நியாயம் இருக்கு, அங்க நான் மூச்சு விட்டு உக்காருவேன், யாருக்கும் எதுவும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. ஆனா ஒரு குழந்தை இன்னொரு குழந்தையப் பாத்துதான பேசும், சண்ட போடும், பொம்மையப் புடுங்கும். தெரபி ரூம்ல எல்லாக் குழந்தையும் அவங்கவங்க அம்மா மடில இருக்கும், பாப்பா முக்கால் மணி நேரம் பெரியவங்களத்தான் பாக்கறா. ஸ்பெஷல் ஸ்கூல்ல பாத்தப்பவும் அவ வயசுல பேசற குழந்தை ஒண்ணு கூட இல்ல. அந்த ஸ்கூல் எங்களுக்கு பதினாலு கிலோமீட்டர் வேற, ரெண்டு பஸ்.

இதுல ஒண்ணு, எல்லாக் குழந்தைக்கும் இதே கணக்கு வராது. காது கேக்காத குழந்தைக்கு முதல் மூணு நாலு வருஷம் அதுக்குன்னே பழகுனவங்ககிட்ட விடறதுதான் சரின்னு நெனைக்கறேன். சென்னை அடையாறு பக்கம் பாலவித்யாலயான்னு 1969ல இருந்து நடத்தறாங்க, அஞ்சு வயசுக்குள்ள பேச வச்சு சாதாரண ஸ்கூலுக்கு அனுப்பி வைக்கறதுதான் அவங்க வேலையே, அம்மாவும் கூட உக்காந்து கத்துக்கணும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேக்கறதுக்காக ஆபரேஷன் பண்ணி வைக்கற கருவி) ஆறு வயசுக்குள்ளதான், அதனால அவங்களுக்கு ஒவ்வொரு மாசமும் முக்கியம், பக்கத்துல இருக்குன்னு பால்வாடில மட்டும் விட்டுட்டு உக்காந்திருந்தா பின்னாடி வருத்தப்படணும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடில அமர் சேவா சங்கம் மாதிரி சில பேர் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பயிற்சி குடுக்கறாங்க, அந்தப் பக்கம் இருக்கறவங்க அதையும் விசாரிங்க.

கடைசியா பால்வாடி. சொன்னா மன்னிக்கணும், நாங்க முதல்ல லிஸ்ட்லயே வைக்கல. எங்க தெருக்கோடில இருக்கு, தினம் அது வழியாத்தான் பஸ் ஸ்டாப் போறேன், உள்ள எட்டிக் கூடப் பாத்ததில்ல. சாப்பாட்டுக்கு விடற இடம்னு ஒரு நெனப்பு. தமிழ்நாட்டுல அம்பத்தி நாலாயிரத்துக்கும் மேல மையம் இருக்கு, நாடு பூரா இந்தத் திட்டம் ஆரம்பிச்சது 1975 அக்டோபர் 2ல, அதுல வளந்த புள்ளைதான் நானும், அப்படியிருந்தும் எனக்கே அந்த நெனப்பு. ஊசி போடறதப் பத்திக் கேக்க ஒரு நாள் பதினோரு மணி போலப் போனேன், பாப்பா இடுப்புல இருந்தா. அன்னைக்குப் பாத்ததத்தான் விவரமாச் சொல்லணும்.

ஒரு ஹால், பத்தொம்பது குழந்தைங்க. அதுல ஆறு பேர் வடக்கத்திக் குழந்தைங்க, அப்பா அம்மா ஒடிசா பீகார்ல இருந்து வந்து இங்க தைக்கறவங்க. சுவத்துல குழந்தைங்க உசரத்துக்கு அட்டைல வெட்டி ஒட்டுன படம் நாலு இருந்துச்சு, டம்ளர், தட்டு, கக்கூஸ், பாய். எல்லாம் பழைய காலண்டர்லயும் பிஸ்கட் பெட்டிலயும் வெட்டுனது, ஓரம் எல்லாம் பிசுபிசுன்னு கை பட்டுப் பட்டுக் கருத்துருக்கு. எதுக்குங்க டீச்சர் இதுன்னு கேட்டேன். ஒடிசாப் பையன் ஒருத்தன் வந்தப்ப ஒரு வாரம் அழுதுட்டே இருந்தானாம், என்ன வேணும்னு யாருக்கும் புரியல, ஒரு நாள் நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டு வெக்கத்துல மூலைல போய் ஒளிஞ்சுக்கிட்டான். அன்னைக்கு ராத்திரி டீச்சர் வீட்ல உக்காந்து வெட்டி ஒட்டுனதுதானாம் அது. இப்ப அவன் ஓடி வந்து படத்தத் தட்டிட்டு நிப்பான், ஆயாம்மா கூட்டிட்டுப் போவாங்க, தமிழும் நல்லாப் பேசறான்.

நான் பேசிட்டு இருக்கறப்பவே பாப்பா எறங்கிப் போயி டம்ளர் படத்தத் தட்டுனா. அங்க நின்ன ஒரு குழந்தை தட்டறதப் பாத்துருப்பாபோல. ஆயாம்மா வந்து, தண்ணியா கண்ணு, தண்ணின்னு சொல்லு, வா ஊத்தித் தர்றேன்னு கைய நீட்டுனாங்க. பக்கத்துல இருந்த டீச்சர் என்கிட்ட வேற எதுவுமே கேக்கல, பாப்பா பேரு மட்டும் கேட்டுட்டு அவளப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, தெரபில மாசக்கணக்கா அட்ட காட்டிச் சொல்லித் தர்றது அதத்தான். தமிழ் தெரியாத பையனுக்காகச் செஞ்சது பேச்சு வராத என் புள்ளைக்கும் அப்படியே ஒத்து வருது.

அங்கதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. இடம் பாக்கப் போறப்ப என் குழந்தைய எப்படிப் பாத்துக்குவீங்கன்னு கேட்டா எல்லாரும் நல்லாப் பாத்துக்குவோம்னுதான் சொல்லுவாங்க. அதக் கேக்காம அங்க ஏற்கனவே வித்தியாசமா இருக்கற குழந்தை யாரு, அந்தக் குழந்தைக்காக அவங்க எத மாத்திக்கிட்டாங்கன்னு பாக்கணும். ஒடிசாப் பையனுக்காக ராத்திரி உக்காந்து அட்ட வெட்டுனவங்க எம்புள்ளைக்காகவும் ஏதாவது செய்வாங்க. ஒரே மாதிரி குழந்தைங்க மட்டும் இருக்கற எடத்துல அந்தப் பழக்கமே வந்துருக்காது.

சேத்து ரெண்டு மாசம் ஆகுது, நெஜமாவே செஞ்சாங்க. பாப்பா தரைல உக்காந்தா காலை ரெண்டு பக்கமும் பின்னாடி மடக்கி டபிள்யூ மாதிரி உக்காருவா, சதை தளர்வா இருக்கறதால அதுதான் அவளுக்கு வசதி, ஆனா இடுப்புக்கும் முட்டிக்கும் ஆகாதுன்னு ஃபிசியோல சொல்லிருக்காங்க. ஆயாம்மாகிட்ட ஒரு தடவதான் சொன்னேன். மூலைல சுவரு சேர்ற எடத்துல அரிசிச் சாக்க மடிச்சு வச்சு அது அவ எடம்னு ஆக்கிட்டாங்க, சாஞ்சுக்கிட்டா கால் தானா முன்னாடி வந்துடுது. அப்புறம் முட்டை. வாரத்துக்கு 3 முட்டை குடுக்கறாங்க, வேக வெச்ச மஞ்சக்கரு பாப்பாவுக்குத் தொண்டைல மாட்டும், எனக்கு அதுதான் முதல் பயம். ஆயாம்மா மஞ்சக்கருவ சாதத்துல போட்டுப் பருப்புத் தண்ணி ஊத்திக் கையாலயே பிசஞ்சு குடுக்கறாங்க, வெள்ளைய சுண்டு வெரல் நகம் அளவுக்குப் பிச்சு வக்கறாங்க. ஷேடோ டீச்சர் போட்டாதான் முடியும்னு சொன்ன வேலை இது.

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். டீச்சருக்கு வேலைப் பளு கொஞ்சநஞ்சம் இல்ல, போஷன் டிராக்கர்ங்கற அரசு ஆப்புல பதியணும், எடை உசரம் எடுக்கணும், கர்ப்பிணிங்களுக்கு சத்துமாவு குடுக்கணும், எலெக்‌ஷன் லிஸ்ட் வேலை வந்தா அதுக்கும் அவங்கதான். டீச்சர் மீட்டிங் போற நாள்ல ஆயாம்மா ஒருத்தங்களே சமையலும் பாத்து பத்தொம்பது குழந்தையும் பாக்கணும். அந்த மாதிரி நாள்ல முன்கூட்டியே சொல்லச் சொல்லிருக்கேன், எங்கம்மா போய் கூட உக்காந்துக்குவாங்க. கக்கூஸ் படி உசரம், பாப்பாவால ஏற முடியாது, ஒரு செங்கல் போட்டுச் சமாளிக்கறோம், வீல் சேர் குழந்தையா இருந்தா வாசல்லயே நின்னுடும், சாய்தளம் கெடையாது. கேட்டு நேரா ரோட்டுக்குத் தெறக்குது. 2023 நவம்பர்ல மத்திய அரசு மாற்றுத்திறன் குழந்தைங்களுக்குன்னே அங்கன்வாடி நெறிமுறை ஒண்ணு கொண்டு வந்துச்சு, சீக்கிரமே கண்டுபிடிக்கறது, மத்த குழந்தைங்களோட சேத்துக்கறது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கறதுன்னு மூணு படியா சொல்லிருக்காங்க, நல்ல விஷயம். அத நடத்தறது இதே ரெண்டு பேருதான, கூட ஒரு ஆளக் குடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு தினமும் நெனைக்கறேன்.

அதனால முழுசா பால்வாடின்னும் முடிவு பண்ணல, முழுசா தெரபின்னும் இல்ல. காலைல ஒம்பதரைக்கு விட்டுட்டு நான் பஸ் ஏறிடுவேன், சாப்பிட்டு முடிச்சதும் ஒரு மணிக்கு எங்கம்மா கூட்டிட்டு வந்து தூங்க வச்சுடுவாங்க. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு நான் தெரபிக்குக் கூட்டிட்டுப் போறேன், சனிக்கிழமை அவரு. செலவுன்னு பாத்தா பஸ் காசும் என் அரை நாள் சம்பளமும்தான். ப்ளே ஸ்கூலுக்கும் ஷேடோ டீச்சருக்கும் சேத்து வருஷத்துக்கு ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட வந்துருக்கும். வீட்டுக்குப் பக்கத்துல கூட்டிட்டு வர ஆள் இல்லாதவங்களுக்கு இந்த ஏற்பாடு ஒத்து வராது, நல்ல மனசுக்காரங்க நடத்தற ப்ளே ஸ்கூல் சாயந்திரம் வரைக்கும் வச்சுக்கும்னா அவங்க அதப் பாக்கறதுதான் சரி. இன்னொண்ணு, ஆஸ்பத்திரி டீம் வருஷத்துக்கு ரெண்டு தடவை பால்வாடிக்கே வந்து எல்லாக் குழந்தையையும் செக் பண்ணுவாங்க, குழந்தைக்கு என்னன்னே இன்னும் சரியாத் தெரியாம கொழம்பிட்டு இருக்கறவங்க அன்னைக்குக் கண்டிப்பாக் கூட்டிட்டுப் போங்க.

இடம் பாக்கப் போறவங்க சொல்லாமப் போங்க, பதினோரு மணி வாக்குல. அரை மணி நேரம் உக்காருங்க. ஒரு குழந்தை ஈரம் பண்ணிட்டா மத்த குழந்தைங்க முன்னாடி சத்தம் போடறாங்களா, உள்ள கூட்டிட்டுப் போறாங்களான்னு பாருங்க. வட்டத்துல உக்காராம எந்திரிச்சுப் போற குழந்தைய என்ன பண்றாங்கன்னு பாருங்க, கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வக்கறாங்களா, போற எடத்துல கொஞ்ச நேரம் விடறாங்களா. உங்க குழந்தையப் பத்திக் கேக்கறப்ப உங்களப் பாத்துக் கேக்கறாங்களா குழந்தையப் பாத்துப் பேசறாங்களா. சுவத்துல இருக்கற படம் குழந்தை உசரத்துல இருக்கா, வந்து போறவங்க போட்டோ எடுக்கற உசரத்துல இருக்கா.

அடுத்த ஜூன்ல எல்கேஜி கேள்வி வரும். 2019ல இருந்து அரசு நடுநிலைப் பள்ளிக்குள்ள இருக்கற 2,381 அங்கன்வாடில எல்கேஜி யுகேஜி நடத்த ஆரம்பிச்சாங்க, அந்த மாதிரி ஒரு பள்ளி எங்க வீட்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கு. தனியார் ஸ்கூல்னா கல்வி உரிமைச் சட்டத்துல 25 சதவீத இடம் இருக்கு, மாற்றுத்திறன் குழந்தைங்க வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுல வர்றாங்க, அதுக்கு மாற்றுத்திறன் சான்று காட்டணும், யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிங்களுக்கான அடையாள அட்டை) நாங்க இப்பவே வாங்கி வச்சுட்டோம். அந்த ஸ்கூலையும் இதே மாதிரி பதினோரு மணிக்குப் போய்ப் பாக்கணும்.

சேத்த அன்னைக்கு பாப்பாவப் பத்தி ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேன், டீச்சர் இல்லாத நாள்ல யார் வந்தாலும் தெரியட்டும்னு. வேணும்னா இதப் பாத்து நீங்களும் எழுதிக்கங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புவா, பத்து எண்ணற வரைக்கும் காத்திருங்க. ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் சொல்லுங்க. மஞ்சக்கருவ பிசஞ்சு குடுக்கணும். குட்டிக்கரணம் அடிக்க விட வேண்டாம், கழுத்து எலும்பு தளர்வா இருக்கலாம்னு டாக்டர் சொல்லிருக்காங்க. சளி இருந்தா எனக்கு போன் பண்ணுங்க. கேட் தாழ்ப்பாள மேல போடுங்க, ஓடிடுவா. அந்தத் தாள அரிசி டின் மேல ஒட்டி வச்சிருக்காங்க, போன வாரம் பாத்தப்ப கீழ டீச்சர் கையெழுத்துல ரெண்டு வரி சேந்துருந்துச்சு: கொட்டாங்குச்சி ரெண்டு குடுத்தா அழுகை நிக்கும். பாட்டு முடியறப்ப கடைசி வார்த்தைய விட்டுடுங்க, அவளே சொல்றா.